லிஃப்ட் கசிகிறதா? கடன் விண்ணப்பத்திற்கு முன் ஒரு சோதனை

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில், கொடி வரிசைகளுக்கு இடையே பெரிய டிராக்டர்கள் திரும்புவது கடினம். அங்கே உழைப்பவை யுவராஜ் 215 போன்ற, 15 குதிரைத்திறன் அளவிலான சிறு டிராக்டர்களே. அக்டோபரில் கொடிகளைக் கவாத்து செய்தபின் மருந்துத் தெளிப்பு தள்ளிப்போடக்கூடியதன்று. அந்த நேரத்தில் ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்கிய கருவியைத் தாங்காமல் கீழே விட்டால், விவசாயி பதற்றமடைவது இயல்பே. அத்தகைய பதற்றத்தில் எழுதப்படும் புதிய டிராக்டர் கடன் விண்ணப்பங்களை நாங்கள் சற்று நிறுத்திப் படிக்கிறோம். பல நேரங்களில் தேய்ந்திருப்பது டிராக்டர் அன்று. ஒரு ரப்பர் வளையம் மட்டுமே.

பம்ப் அனுப்பும் எண்ணெய், கட்டுப்பாட்டு வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் லிஃப்டின் கைகளை உயர்த்துகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் இறக்குவதற்குத் தனி விசை கிடையாது. கருவியின் எடையே அதனை இறக்கும். டிராக்டரின் பின்புறம் மூன்று புள்ளிகளில் கருவியைப் பிணைத்து எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தும் இம்முறையை ஹாரி ஃபெர்குசன் உருவாக்கினார். 1939-இல் ஃபோர்டு நிறுவனத்துடன் இணைந்து வெளியிட்ட டிராக்டரின் மூலம் அது பரவலாயிற்று. இன்றைய சிறு டிராக்டரிலும் அடிப்படை அதுவே.

கசிவு இருவகைப்படும். எண்ணெய் வெளியே சொட்டினால் குழாய் இணைப்பு, ஹோஸ், லிஃப்ட் கைகளைத் தாங்கும் தண்டின் ஆயில் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தண்டு தாங்கியிருக்கும் புஷ் தேய்ந்திருந்தால், சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டின் ஆட்டம் புதிய சீலையும் விரைவில் கெடுத்துவிடும். மெக்கானிக்கிடம் இதனை வலியுறுத்திக் கேட்பது நல்லது.

உள்கசிவோ கண்ணுக்குப் புலப்படாது. தரையில் ஒரு சொட்டும் விழாது. கருவியை உயர்த்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். சிறிது நேரத்திலேயே கருவி தாழ்ந்துவிட்டால், பிஸ்டனின் ஓ-ரிங் அல்லது வால்வு எண்ணெயை விடுகிறது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது கருவி தாழ்வதும் தானே மீண்டும் ஏறுவதுமாகத் தலையாட்டுவதும் இதன் அறிகுறியே. மாறாக, கருவி ஏறவே திணறினால் முதலில் எண்ணெய் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள். பல டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. பழுதுபார்ப்பதோடு எண்ணெயையும் மாற்றியாக வேண்டும்.

உயர்த்திய கருவியின் அடியில் முட்டுக்கொடுக்காமல் எவரும் நுழையலாகாது. அழுத்தத்திலுள்ள குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும்.

ஓ-ரிங் மாற்றுவது சிறு செலவு. ஆயினும் சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தால் புதிய வளையமும் நிலைக்காது. அப்போது சிலிண்டரை மாற்றுவதே சிக்கனம். ஆகவே லிஃப்டைத் திறந்தபின் உட்சுவரை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். திறப்பதற்கு முன், உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாகனக் காப்பீட்டை இதற்கு நம்ப வேண்டாம். வழக்கமான பாலிசிகள் தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், லிஃப்ட் ஆகிய மூன்றும் ஒருசேரத் தளர்ந்திருந்தால் புதிய டிராக்டர் குறித்துப் பேசலாம். லிஃப்ட் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் தவணை செலுத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பழுதுச் செலவுக்கும் வழியுண்டு. 1998-இல் தொடங்கிய கிசான் கடன் அட்டைத் திட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, பயிர்க்கடன் அளவுடன் பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புக்காக 20 சதவீதம் சேர்க்கப்பட்டது. பயிர்ச்செலவு 1,00,000 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டால், இவ்வகையில் 20,000 ரூபாய் சேரும். அட்டை வைத்திருந்தும் இப்பகுதியை அறியாதோர் பலர். உங்கள் வரம்பில் இது எவ்வளவு என்பதைக் கிளையில் கேட்டறியுங்கள். உதிரிபாகங்கள் வாங்கிய ரசீதுகளையும் பாதுகாத்து வையுங்கள்.