கதவில் எழுதிய கணக்கு

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் முதலில் மல்லிகை மணக்கும். பத்தடி நடந்தால் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வரும். பம்பாய்க்கு டிக்கெட் வாங்கியவர் கும்பகோணத்தில் இறங்கிவிட்டோமோ என்று ஒரு கணம் திகைப்பதுண்டு. வாழை இலையும் வெண்பூசணியும் மாவிலைக் கொத்தும் விற்கும் அந்தக் கடைவீதியிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது எங்கள் தெரு. எழுபதுகளில் என் பிள்ளைப் பருவம் முழுவதும் அங்கேதான் கழிந்தது.

இருட்டு விலகுமுன் ஆரே பால் சாவடியின் முன் வரிசை நிற்கும். கையில் அட்டையும், முதல் நாள் கழுவி வைத்த காலிக் கண்ணாடிப் புட்டிகளும் இருந்தால்தான் பால் கிடைக்கும். புட்டிகள் ஒன்றோடொன்று உரசும் ஒலியில்தான் நான் விழிப்பேன். பகலில் வருவோர் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பொருத்துவார். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவியதும் வெண்புகை குபீரென்று கிளம்பும். ஒரு துண்டு ஈயத்தை உரசிப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால், கறுத்துக் கிடந்த அடுக்கின் உட்புறம் நிலா போல மின்னும். பஞ்சு அடிப்பவரோ கூவவே மாட்டார். தோளில் சுமந்த வில்லின் நரம்பை ஒரு தட்டுத் தட்டினால் தெரு முழுவதும் கேட்கும்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண் வந்தால் அம்மாவுக்கு அன்று வேறு வேலை ஓடாது. அப்பாவின் இரண்டு கால்சட்டைகளையும் ஜரிகை மங்கிய ஒரு சேலையையும் கொடுத்து ஒரு டவரா வாங்குவதற்கு ஒரு மணி நேரம் பேரம் நடக்கும். அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு படியிறங்கி, மறுபடி ஏறி வந்து, ஒரு கரண்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள். பேரத்தில் அம்மா தோற்று நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாலையில் கடலைக்காரர் வருவார். கூடை நிறைய வேர்க்கடலை, அதன் நடுவே தணல் நிரப்பிய சிறு மண்சட்டி. சட்டியை நகர்த்தி, அதன் அடியிலிருந்த சூடான கடலையை அள்ளிக் காகிதக் கூம்பில் போடுவார். விலை 'சார் ஆணா', அதாவது நாலணா. அணா வழக்கொழிந்து வெகுகாலம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய் நூறு புதுக்காசுகளாகப் பிரிக்கப்பட்டபோது, பதினாறு அணாக்களில் ஒன்றுக்கு ஆறே கால் காசு என்று வந்தது. கால் காசுக்கு நாணயம் ஏது? ஓரணா கொடுத்தால் ஆறு காசுதான். நாலணாவும் எட்டணாவும் மட்டுமே இருபத்தைந்து, ஐம்பது என்று பிசிறின்றிப் பொருந்தின. அதனால்தான் அவை பேச்சில் பிழைத்தன என்பது என் ஊகம். சதுர ஐந்து காசும், ஓரம் வளைந்த பத்துக் காசும், தாமரை பொறித்த மஞ்சள் நிற இருபது காசும் எங்கள் சட்டைப் பைகளில் புழங்கின. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாமற் போயின. அதற்குள் நான் வங்கிப் பணியில் சேர்ந்து நரைக்கத் தொடங்கியிருந்தேன்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக, பால் வரிசை கலைவதற்குள், சைக்கிளில் பாவ் கொண்டுவருபவர் வந்துவிடுவார். போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த ரொட்டி அது. பெயரும் அவர்கள் மொழியினுடையதே. கோவாவில் அதைக் கள் ஊற்றிப் புளிக்கவைப்பது வழக்கம் என்று யாரோ சொல்லிவிட்டதால் பாட்டி அதைத் தொடமாட்டாள். நாங்கள் தொட்டோம். ஆறு பாவ், சூடு ஆறுமுன், வெண்ணெய் இருந்தால் வெண்ணெய், இல்லாவிட்டால் முதல் நாள் சாம்பார். சாம்பாரில் தோய்ந்த பாவுக்கு ஈடாக நட்சத்திர ஓட்டல் எதிலும் நான் ஒன்றும் கண்டதில்லை.

அம்மா அவரை 'பையா' என்பாள், இந்தியில் அண்ணன். பாட்டிக்கோ, ஐம்பது வயது மனிதரை மருமகள் பையா என்று விளிக்கிறாளே என்று கடைசி வரை மனத்தாங்கல்.

அவரிடம் மாதக் கணக்கு. பாவ் வாங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அம்மா கதவின் உட்புறம் கரியால் ஒரு கோடு இழுப்பாள். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் கோடுகளை எண்ணிப் பணத்தைக் கொடுப்பாள். அவர் கையில் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. அவர் நின்றது வாசலுக்கு வெளியே. கோடுகள் இருந்தது கதவுக்கு உள்ளே. அந்தக் கோடுகளை அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. கடன் வாங்கியவரே எழுதி வைத்து, கடன் கொடுத்தவர் கண்ணாலும் காணாத அப்படியொரு பேரேட்டை என் பணிக்காலத்தில் நான் எந்தக் கிளையிலும் பார்க்கவில்லை.

1982 ஜனவரி 18ஆம் தேதி பம்பாய் நூற்பாலைகளில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். காற்று தெற்கிலிருந்து வீசும் நாள்களில் எங்களுக்குக் கேட்கும் ஆலைச் சங்கு அன்று முதல் ஓய்ந்தது. அப்பா ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் எழுத்தர். தொடக்கத்தில் பாதிச் சம்பளம் வந்தது; பிறகு அதுவும் நின்றது. பழைய துணிக்குப் பாத்திரம் என்ற வாணிபம் எங்கள் வீட்டில் தலைகீழாயிற்று. பித்தளை அடுக்குகள் ஒவ்வொன்றாக எடைக்குப் போயின.

ஏப்ரல் முதல் தேதி கோடுகளை எண்ண அம்மா கதவருகே போகவில்லை. மே மாதம் ஒரு காலை, கதவைப் பாதி திறந்து, "நாளையிலிருந்து வேண்டாம், பையா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் மணி ஒலிக்கவில்லை. கதவைத் திறந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஆறு பாவ்கள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கரித்துண்டை எடுத்துவந்தாள்.

ஆகஸ்டில் கணபதி விழாவை முன்னிட்டு வீட்டுக்காரர் எல்லாக் கதவுகளுக்கும் வண்ணம் அடித்தார். நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது கதவின் இருபுறமும் பச்சை. நான்கு மாதக் கோடுகள் அதன் அடியில் போய்விட்டன. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு அப்பாவுக்கு ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று அம்மா விடியுமுன்னரே வாசலில் நின்றாள். "நூற்றெண்பது ரூபாய், பையா" என்றாள். அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவ்வளவு இராது, நூற்றிருபதுதான் இருக்கும் என்றார். கோடுகள் அழிந்தாலும் எனக்கு நினைவிருக்கிறது என்றாள் அம்மா. மழைக்காலத்தில் பல நாள் நான் வரவேயில்லையே, அதையும் சேர்த்து எண்ணுகிறீர்கள் என்றார் அவர். மழையிலும் அவர் வந்தார். தார்ப்பாய் போர்த்திய அந்தச் சைக்கிளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா நூற்று எழுபதுக்கு இறங்கினாள். அவர் நூற்று முப்பதுக்கு ஏறினார். பழந்துணிக்காரியிடம் ஒரு கரண்டியைக்கூட விட்டுக்கொடுக்காதவள், அன்று கூடுதலாகக் கொடுப்பதற்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

நூற்று ஐம்பதில் முடிந்தது. பணத்தை எண்ணாமலேயே சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வழக்கமான ஆறு பாவ்களை எடுத்து நீட்டினார். பிறகு கூடைக்குள் மறுபடி கையை விட்டு, ஏழாவதாக ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

அம்மா உள்ளே வந்து, ஈரம் காய்ந்து பளபளத்த பச்சைக் கதவில் அன்றைய கோட்டை இழுத்தாள்.