ஒட்டகத்துக்கென ஒரு ரத்தப் பரிசோதனை

வடக்குக் கென்யாவின் மார்சபிட் மாவட்டத்தில் ரெண்டீலே, கப்ரா குடும்பங்களுக்கு ஒட்டகப் பால்தான் அன்றாட உணவு. 2020 கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பருவமழைகள் பொய்த்தபோது அங்கே மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன, ஒட்டகங்கள் தாக்குப்பிடித்தன. தலைமுறைகளாக மாடு மேய்த்த சாம்புரு மக்களில் பலர் ஒட்டகத்துக்கு மாறியதற்கும் இத்தகைய வறட்சிகளே காரணம். அப்படியொரு வீட்டின் கறவை ஒட்டகம் திமில் சரிந்து, மேய மனமின்றி, மந்தைக்குப் பின்தங்கி நடக்கத் தொடங்கினால் குழந்தைகளின் வயிறுதான் முதலில் காயும்.

என்ன நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஈ கடித்துப் பரவும் சுர்ரா, உண்ணி பரப்பும் அனாபிளாஸ்மா, குடற்புழு, வெறும் பட்டினி என எல்லாமே ஒட்டகத்தை இளைக்க வைக்கும், ரத்தத்தை வற்ற வைக்கும். மருந்துகளோ வேறு வேறு. அனாபிளாஸ்மா ஒரு பாக்டீரியா. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசிக்குக் கட்டுப்படும். சுர்ராவை உண்டாக்குவது ஓரணு ஒட்டுண்ணி. அந்த ஊசியால் அதற்கு ஒன்றும் ஆகாது. மாட்டுக்குப் போடும் டிமினசீன் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஒட்டகத்தின் உடல் தாங்காது. கடையில் கிடைத்ததை வாங்கி அனுமானத்தில் ஊசி போடும் மேய்ப்பரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைக்க வேண்டியது ரத்தப் பரிசோதனை.

ஒட்டக ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது புதிதல்ல. 1880இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்றுவந்த சுர்ராவின் கிருமி ரத்தத்தில் நெளிவதைக் கண்டார் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ். அனாபிளாஸ்மா பிடிபட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் மாட்டுக் காய்ச்சலை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பணுவின் ஓரத்தில் தெரிந்த சிறு புள்ளிகளை வேறொரு கிருமியின் ஒரு பருவமாக எண்ணிவிட்டார்கள். அது தனிக் கிருமி என்று 1910இல் நிறுவியவர் தென்னாப்பிரிக்காவின் அர்னால்டு தெய்லர்.

அந்தப் புள்ளியைத் தேடுவதே இன்றைக்கும் எளிய சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுத்து, உலர்த்தி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் மாட்டில் இது நன்றாகவே உதவும். பிழைத்த மாடு பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். அப்போது ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவு, தகட்டில் கண்ணுக்குச் சிக்குவதில்லை.

ஒட்டகத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2015இல் சவுதி அரேபிய ஒட்டகங்களின் ரத்தத்திலிருந்து மரபணு வழியே ஒரு புதிய அனாபிளாஸ்மா அறியப்பட்டது. அதற்கு 'கேமலியை' என்ற தற்காலிகப் பெயர் வழங்குகிறது. அதன் நெருங்கிய உறவு மாட்டுக் கிருமி அல்ல, நாயின் ரத்தத் தட்டணுக்களில் வாழும் பிளாட்டிஸ். அப்படியிருக்க, மாட்டில் பழகிய கண்ணோடு ஒட்டகத்தின் நீள்வட்டச் சிவப்பணுக்களின் ஓரத்தை மட்டும் தேடிவிட்டு 'நோய் இல்லை' என்று எழுதுவது எவ்வளவு நம்பத்தக்கது?

எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசாவுக்கும் இதே கதி. ஒட்டகத்தின் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி மற்ற பாலூட்டிகளில் இல்லாத எளிய அமைப்பு கொண்டவை என்று 1993இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாட்டு எதிர்ப்புப் புரதத்தை அடையாளம் காணச் செய்த வினைப்பொருள் ஒட்டகத்தினுடையதை அப்படியே பிடிக்கும் என்று நம்ப முடியாது. எந்த விலங்கின் சீரத்திலும் செய்யக்கூடிய போட்டிமுறை எலைசா ஒன்று உண்டு. அது தேடுவது எம்எஸ்பி5 என்ற புரதத்துக்கு எதிரானதை. அந்தப் புரதமோ அனாபிளாஸ்மா இனங்கள் பலவற்றுக்கும் பொது. எந்த இனம் என்று அது சொல்லாது, தொற்று இன்றையதா பழையதா என்றும் சொல்லாது.

கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் செய்து, கிடைத்த மரபணுத் துண்டின் எழுத்து வரிசையையும் படித்தால்தான் இனம் தெளிவாகும். கூடவே, அதே குழாய் ரத்தத்தில் மனிதருக்கும் தொற்றும் கியூ காய்ச்சல் கிருமியையும் தேடலாம். பச்சைப் பால் குடிக்கும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒட்டகத்தை மடக்கி உட்கார வைத்து, கழுத்துச் சிரையில் எடுத்த ரத்தம் குளிர்ப்பெட்டியில் நைரோபி போய்ச்சேர நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆகும். முடிவு வருவதற்குள் மந்தை வேறு மேய்ச்சலுக்குப் போயிருக்கும்.

இங்கேதான் நைரோபியின் இசிபே பூச்சியியல் மையம் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. மார்சபிட்டின் லைசாமிஸ் பகுதி ஒட்டகங்களின் மேல் ஒட்டிக்கிடந்து ரத்தம் குடிக்கும் தட்டை ஈக்களைப் பிடித்து, ஈயின் உடலில் இருக்கும் கிருமிகளையே அவர்கள் சோதித்தார்கள். ஒட்டகத்தில் இருந்த கேமலியை ஈக்களிலும் இருந்தது. அந்த ஈக்கள் கடித்து ஆய்வக எலிக்கும் முயலுக்கும் கிருமி தொற்றியதையும் பின்னர் காட்டினார்கள். ஆக, உண்ணியை மட்டும் ஒழித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. ஊசி குத்தாமலே ஒரு மந்தையின் ரத்தத்தை அறிய ஒரு வழியும் கிடைத்திருக்கிறது.

அந்த ஆய்வுகளில் கேமலியை தொற்றிய ஒட்டகங்கள் பலவும் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தன. இந்த ஒரு செய்தி என்னை உறுத்துகிறது. 'தொற்று உண்டு' என்ற ஒற்றை வரிக்காக ஊசி போட்டால், நலமான ஒட்டகத்துக்கும் வீண் மருந்து. அந்த மருந்து பாலிலும் இறங்கும். கிருமி எவ்வளவு இருக்கிறது, சிவப்பணு எவ்வளவு குறைந்திருக்கிறது, சுர்ரா இல்லை என்பது உறுதியா என்ற மூன்றும் ஒரே தாளில், மந்தை இடம் மாறுமுன் மார்சபிட்டிலேயே மேய்ப்பர் கைக்குக் கிடைக்க வேண்டும். ஒட்டகங்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல் உள்ள நாட்டில் இது அதிகப்படியான கோரிக்கை அல்ல.