வீட்டுக் கைவேலை – 9: பாகலூர்ப் பக்கத்துப் பழஞ்சேலைப் போர்வை

ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் பாகலூர் வரும். முன்னொரு காலத்தில் சிறியதொரு பாளையப்பட்டுக்குத் தலைமையிடமாயிருந்து, பின்னர் சேலம் ஜில்லாவின் வடகோடியில் ஒதுங்கிக் கிடந்து, 1965இல் தர்மபுரி மாவட்டத்தோடும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடும் சேர்க்கப்பட்ட இவ்வூரில், தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே கடைவாசலில் கலந்து புழங்குவதையும், கேழ்வரகுக் கொல்லைக்கு அடுத்தாற்போல் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் வெண்மையாய் நீண்டு கிடப்பதையும், தொழிற்சாலைக்கு ஆளேற்றிச் செல்லும் பஸ் ஷிப்டுக்கு ஷிப்டு வந்து நிற்பதையும் ஒருசேரக் காணலாம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமியாதலால், சமவெளித் தமிழர் ஒரு துப்பட்டியோடு கழித்துவிடும் மார்கழி, தை மாதங்களை இங்குள்ளோர் கனத்த போர்வையின்றிக் கழிப்பது சிரமம். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் கைவேலை அந்தக் குளிரை உத்தேசித்தே இப்பக்கத்தில் நிலைத்தது.

அதற்குமுன் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். எளிய கைவேலை என்று சொல்லி இக்காலத்தில் கற்பிக்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை, பசையென்றும் வர்ணமென்றும் ஜிகினாவென்றும் இருநூறு ரூபாய்க்குச் சாமான்களை வாங்கச் செய்து, ஐம்பது ரூபாயும் பெறாத ஓர் அலங்காரப் புட்டியை அலமாரியில் ஏற்றிவைப்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் புட்டியின்மேல் தூசி படிவதைத் தவிர அதனால் வீட்டுக்கு வேறு பிரயோஜனம் உண்டாவதில்லை. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயராகத் தேர்ச்சி பெற்று, பின்னர் அவற்றையெல்லாம் உதறிவிட்டு, காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்திய ஜே. சி. குமரப்பா, மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கையும், கையால் செய்யும் காகிதத்தையும் பரப்ப முனைந்ததற்கு, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கும் அந்தக் கணக்காயர் மனமே காரணமென்பது என் அபிப்பிராயம். நாமும் அவ்வாறே பார்ப்போமாக. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருளால் செய்யப்பட்டு, மறுநாளே உபயோகத்துக்கு வருவது எதுவோ அதுவே இத்தொடரில் இடம்பெறத் தக்கது.

இப்பிரதேசத்துத் தெலுங்கர் பொந்த என்றும், கன்னடத்தார் கௌதி என்றும் வழங்கும் பழஞ்சேலைப் போர்வை அத்தகையது. உடுத்து உடுத்து நைந்துபோன நூல்சேலைகளை அடுக்கடுக்காக வைத்துக் கையூசியால் இணைத்துத் தைப்பதே அதன் முழு ரகசியமுமாகும். புதுத்துணி இதற்கு உதவாது. கஞ்சி முழுவதும் போய், பலமுறை துவைத்து, விரலுக்கு மெத்தென்று இருக்கும் சேலையே உத்தமம். ஆனால் இன்று நம் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவையாதலால், எது நூல், எது கலப்பு என்று அறிவதற்கு ஒரு பரீட்சை செய்துகொள்ள வேண்டும். முந்தானையிலிருந்து நாலு இழைகளை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாயின் அது பருத்தி, சுருண்டு உருகி, கறுத்த மணிபோல் இறுகினால் அது செயற்கை இழை. செயற்கைச் சேலை வியர்வையை உறிஞ்சாது. அடுக்குகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு தையலையும் கோணலாக்கும்.

ஆறு கஜச் சேலையை நீளவாட்டில் இரண்டாக மடித்தால், ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் நீளமும் அதன் அகலத்தளவு அகலமுமாக, ஒருவர் படுத்துப் போர்த்திக்கொள்ளப் போதிய அளவு கிடைத்துவிடும். இரண்டு சேலைகளை இவ்வாறு மடித்து அடுக்கினால் நான்கு அடுக்கு. பெங்களூர்ப் பக்கத்து மழைக்காலத்துக்கு அது போதும். மூன்று சேலையாயின் ஆறு அடுக்கு, அது மார்கழிக்கு. கிழிசல் மிகுந்த சேலையை நடுவில் வைத்து, நல்ல பாகமுள்ளதை மேலும் கீழும் வைப்பது வழக்கம். சுத்தமான தரையில் பரப்பி, சுருக்கமின்றி உள்ளங்கையால் நீவி, நான்கு மூலையிலும் அம்மிக்குழவியோ சொம்போ கனமாக எதையேனும் வைத்துவிட்டு, முதலில் ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய இழையோட்டமாக எங்கும் தைத்துக்கொள்ள வேண்டும். இந்த இழையோட்டத்தை வீண் வேலையென்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள், பாதித் தையலில் ஒரு பக்கம் புடைத்தும் ஒரு பக்கம் இழுத்தும் நிற்கும் துணியைப் பிரித்து மறுபடியும் தொடங்க நேரும்.

பின்னர், கரையோரமாகத் தொடங்கி, போர்வையைச் சுற்றிச்சுற்றி உள்நோக்கி வருமாறு ஓடு தையல் போட வேண்டும். வரிக்கும் வரிக்கும் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் போதுமானது; அதற்கு மேல் அகன்றால் துவைக்கும்போது உள்ளடுக்கு திரண்டுவிடும். ஊசி, சாதாரணத் தையலூசியைவிட நீளமும் தடிப்பும் உடையதாயிருக்கட்டும். கோணியூசி வேண்டாம், அது போகும் வழியெல்லாம் துளையைப் பெரிதாக்கும். நூலை இரட்டையாக முறுக்கி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கலின்றி ஓடும். தையற்காரரிடம் கொடுத்து மெஷினில் ஓட்டிவிடலாமே என்று கேட்பவர் உண்டு. நான்கு அடுக்கை மெஷின் தாங்கும், ஆறு அடுக்கில் ஊசி முறியவும் கூடும், முறியாவிட்டாலும் அந்த இறுக்கமான தையல் போர்வையை அட்டைபோல் விறைக்கச் செய்துவிடும்.

இந்தக் கலை பாகலூருக்கு மட்டும் உரிய தனிச்சொத்தன்று. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள், துண்டுத் துணிகளை விளிம்பிலிருந்து மையம் நோக்கி வைத்துத் தைத்துக்கொண்டே வந்து, நான்கு மூலையிலும் மடித்த துணியால் ‘பூலா’ என்னும் பூவைப் பதிக்கிறார்கள். அது இல்லாத போர்வையை அவர்கள் நிறைவுபெற்றதாகக் கருதுவதில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வர்ண நூலே தையலுக்கும் நூலாயிற்று. பருத்தி விளையாத வடஜப்பானியக் குளிர்ப்பிரதேசத்து விவசாயிகள், நீலச் சாயமிட்ட சணல்துணியின்மேல் வெள்ளைப் பருத்தி நூலால் ஓடு தையல் போட்டு, அதற்கு சாஷிகோ என்று பெயரிட்டார்கள். இன்று காந்தாவும் சாஷிகோவும் நகரத்துக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன. நம் பக்கத்துப் போர்வையோ விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிக்கப்படுகிறது. ஏழ்மையின் அடையாளமென்று அதை வெட்கி மறைக்கும் மனோபாவம் எனக்கு உடன்பாடானதன்று.

துவைப்பது மட்டும் சற்றுப் பிரயாசை. நனைந்த ஆறடுக்குப் போர்வையை ஒருவராகப் பிழிய இயலாது. இருவர் இரு முனையைப் பிடித்து முறுக்கினால் தையல் அறும். ஆகவே பிழியாமலே நீர் வடிய விட்டு, வெயிலில் விரித்துவிடுவதே முறை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கு திரும்பினாலும் கருங்கற்பாறை கிடப்பதால், கீழிருந்து பாறையின் சூடும் மேலிருந்து வெயிலும் பட்டு, அரைநாளில் உலர்ந்துவிடும். மாடிவீட்டுக்காரர் மொட்டைமாடித் தளத்தில் விரிக்கலாம். கொடியில் தொங்கவிட்டால் பாரத்தினால் ஒரு பக்கம் நீண்டுபோகும்.

செலவைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நூலும் ஊசியும் சில பத்து ரூபாய்; உழைப்போ, மாலை வேளைகளில் மட்டும் உட்கார்ந்து தைப்பவருக்கு வாரக்கணக்கில் ஆகும். பழைய நூல்சேலை கைவசமில்லாதவர், போர்வை தைப்பதற்கென்று சேலை தேடி அலைவதைவிட, ஒரு சோலாப்பூர்ப் போர்வையை வாங்கிக்கொண்டு நிம்மதியாயிருப்பதே சிக்கனம். செயற்கைச் சேலைகளே மிஞ்சியிருக்கும் வீட்டில், அவற்றை மூன்று விரற்கடைப் பட்டைகளாகக் கிழித்து, சடைபோல் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் நல்ல கால்மிதி ஆகும். அடியில் பழைய சாக்குத்துணி ஒன்றை வைத்துத் தைக்க மறவாதீர்கள். ஈரமான சிமெண்டுத் தரையில் பாலியெஸ்டர் வழுக்கி முதியவர் விழுந்தால், மிச்சப்பட்ட காசு வைத்தியத்துக்குப் போய்விடும்.

ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில், வேறெங்கும் இவ்வளவு தாராளமாகக் கிடைக்காத ஒரு பொருளும் உண்டு: தொழிற்சாலை யூனிபாரம். கனத்த துணியில் தைத்த கால்சட்டை, இடுப்புப் பக்கம் கிழிந்தாலும் முழங்காலுக்குக் கீழ் திடமாகவே இருக்கும். அந்தக் கால்பகுதியை வெட்டி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, கீழ்வாயை இருமுறை தைத்து, மறுபடி புரட்டி, இடுப்புப்பட்டியையே இரண்டு கைப்பிடியாக வெட்டிப் பொருத்தினால், பக்கவாட்டில் புதிதாக ஒரு தையலும் போடாமல் இரண்டு கிலோ வெங்காயம் தாங்கும் பை தயாராகிவிடும். ஒரு கால்சட்டைக்கு இரண்டு பை. பிளாஸ்டிக் பைகளைக் கர்நாடகம் 2016இல் தடைசெய்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கிற்று. ஆக, பாகலூர்க்காரர் சாமான் வாங்க எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் கையில் பை வேண்டும். நிறுவனத்தின் சின்னம் தைத்திருக்கும் துண்டை மட்டும் பிரித்தெடுத்து அழித்துவிடுவது விவேகம்.

இனி, காகிதக்கூழ்க் கூடை. நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லில் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துச் செய்த அந்தக் கூடையை வாசகரில் பலர் கண்டிருப்பீர்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு கிலோ காகிதத்துக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் வெந்தயத்தை முந்திய இரவே ஊறப்போட்டு, இரண்டையும் மைபோல் அரைத்தெடுத்து, ஈரத்துணி போர்த்திக் கவிழ்த்த குண்டானின்மேல் அரை விரற்கடைக் கனத்துக்குத் தட்டி, முதல்நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவிட வேண்டும். முதலிலேயே வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்தபின் மேலே வெள்ளைக்காகிதம் ஒட்டுவதற்குக் கடைப் பசை வாங்க வேண்டியதில்லை; புளி உடைக்கும் வேலை குடிசைத் தொழிலாகவே நடக்கும் இம்மாவட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால், தஞ்சாவூர் ஓவியக்காரர் பலகையில் துணி ஒட்டப் பயன்படுத்திய அதே பசை கிடைக்கும். பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் ஆபத்தானது, அது விஷம்.

பாட்டிமாரோடு நான் மாறுபடும் இடம் ஒன்றுண்டு. அவர்கள் அந்தக் கூடையில் மாவும் முறுக்கும் வைத்தார்கள். அச்சு மையிலுள்ள ரசாயனங்கள் உணவில் கலக்கக்கூடுமென்று, உணவுப் பண்டங்களைச் செய்தித்தாளில் பொதிவது குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே தோலோடு கூடிய வெங்காயம், பூண்டு, நூற்கண்டு, சாவி இவற்றுக்கு அக்கூடை உகந்தது. முறுக்குக்குத் தூக்குவாளி இருக்கவே இருக்கிறது.

அதே காரணத்தால், ரோஜா மலிந்த ஊராயிற்றே, உதிர்ந்த இதழை அள்ளிவந்து குளியல்பொடியும் குல்கந்தும் செய்யலாமே என்று தோன்றும் எண்ணத்தையும் தடுக்க விரும்புகிறேன். விற்பனைக்காக வளர்க்கும் பூவுக்குப் பூச்சிமருந்து தாராளமாகத் தெளிக்கப்படுகிறது. அது கண்ணுக்குரிய பூ, வாய்க்கும் தோலுக்கும் உரியதன்று. குளியல்பொடிக்கு, வேலியோரம் தானே பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூவை வாகனப்புகை படாத இடமாகப் பார்த்துப் பறித்து நிழலில் உலர்த்தி, பச்சைப்பயறோடும் சிறிது கஸ்தூரி மஞ்சளோடும் அரைத்துக்கொண்டால் குறையொன்றுமில்லை.

அடுத்த வாரம் கொட்டாங்கச்சி அகப்பை. அதற்காக, இந்த வாரம் தேங்காய் உடைக்கும்போது கண்ணுள்ள மூடியைத் தள்ளிவிட்டு, கண்ணில்லாத மூடிகளில் விரிசல் காணாத இரண்டை எடுத்துவையுங்கள். உடைந்த கண்ணாடித்துண்டு ஒன்றும், முழநீள மூங்கில் கழி ஒன்றும் இருந்தால் போதும். கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை.