வெட்டிய படம் வெளியே போகவில்லை

பக்கத்தில் படம் சுருங்குகிறது, ஓரம் மறைகிறது. ஃபைலுக்குள் இருக்கும் படமோ அசையவே இல்லை.

வாடகைக்கு வீடு தேடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அடையாள அட்டை கேட்கிறார். முன்பின் தெரியாதவருக்கு ஆதார் எண்ணைக் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனமில்லை. அட்டையை செல்போனில் படமெடுத்து, வேர்டு புரோகிராமில் கடிதத்தோடு சேர்க்கிறார். 'கிராப்' கருவியால் 12 இலக்க எண் இருக்கும் கீழ்ப்பகுதியை வெட்டுகிறார். பெயரும் முகமும் மட்டும் மிஞ்சுகின்றன. மூலையைப் பிடித்து இழுத்துப் படத்தைச் சிறிதாக்குகிறார். கடிதம் இ-மெயிலில் போகிறது.

மறுமுனையில் அதைத் திறப்பவர் படத்தின் மேல் ஒருமுறை தட்டி, அதே 'கிராப்' பொத்தானை அழுத்தினால் போதும். வெட்டப்பட்ட பகுதி மங்கலான திரைக்குப் பின்னால் முழுசாக எட்டிப் பார்க்கும், 12 இலக்கங்களோடு.

இது கோளாறு அல்ல. புரோகிராம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டு ஃபைல்களின் பெயர் வழக்கமாக 'டாக்எக்ஸ்' என்று முடிகிறது. பெயர்தான் அப்படி, உண்மையில் அது ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'வேர்டு' என்றொரு ஃபோல்டர். அதற்குள் 'மீடியா' என்றொரு ஃபோல்டர். கடிதத்தில் சேர்த்த படங்கள் 'இமேஜ்1', 'இமேஜ்2' என்று அங்கே வரிசையாகக் கிடக்கும். கடிதத்தின் வாசகங்கள் வேறொரு ஃபைலில். அதில் படம் கிடையாது, படத்தைப் பற்றிய குறிப்பு மட்டும்தான்: எந்தப் படம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த ஓரத்தில் எவ்வளவு மறைக்க வேண்டும்.

அளவைச் சொல்லும் விதம் விசித்திரமானது. ஒரு அங்குலத்தை 9,14,400 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது 3,60,000. அங்குலக்காரர்களுக்கும் சென்டிமீட்டர்காரர்களுக்கும் பின்னம் வராமல் கணக்கு ஓட வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த எண் இது. மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பாஸ்போர்ட் படம் என்றால் குறிப்பில் 12,60,000 என்று இருக்கும். மவுஸால் இழுக்கும்போது மாறுவது இந்த எண்தான். கீழே கால் பங்கை வெட்டினால் 25,000 என்று இன்னொரு எண் சேரும், 25 சதவீதத்தை ஆயிரத்தால் பெருக்கி எழுதுவது வழக்கம். படத்தின் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடவில்லை.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. இழுக்கும்போதெல்லாம் நிஜமாகவே புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே போனால், மனம் மாறி மறுபடி பெரிதாக்கும்போது மிஞ்சுவது வெறும் கலங்கல்தான். அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அளவை மட்டும் பக்கத்தில் எழுதுவது கெட்டிக்காரத்தனம். பயன்படுத்துபவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லாததுதான் தப்பு.

எழுத்தைக் கோர்க்கும் வேலையும் படத்தைக் கையாளும் வேலையும் பிரிந்து நின்றது புதிதல்ல. அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் நூத், தன் புத்தகத்தின் அச்சுப் படிவங்களைப் பார்த்து வெறுத்துப்போய் 1977இல் 'டெக்' என்ற அச்சுக்கோர்ப்பு புரோகிராமை எழுத ஆரம்பித்தார். படம் என்றால் என்னவென்றே டெக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிகள்: எழுத்து ஒரு பெட்டி, வரி ஒரு பெட்டி, பக்கமும் ஒரு பெட்டி. படம் வரவேண்டிய இடத்தில் சொன்ன அகலத்துக்கும் உயரத்துக்கும் காலி இடம் விட்டுவிட்டு, 'ஸ்பெஷல்' என்ற கட்டளை வழியாக அச்சடிக்கும் புரோகிராமுக்கு ஒரு சீட்டு அனுப்பும். நிரப்புவது அந்த புரோகிராமின் பாடு.

அந்தச் சீட்டை எழுதும் வேலையைப் பின்னாளில் சுலபமாக்கியது டேவிட் கார்லைலும் செபாஸ்டியன் ராட்ஸும் எழுதிய 'கிராஃபிக்ஸ்எக்ஸ்'. லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் கட்டிய 'லேடெக்' முறையில் எழுதும் விஞ்ஞானிகள், 'இந்தப் படம், பத்தியின் அகலத்துக்கு' என்று அதன் மூலம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். விகிதம் கெடாமல் உயரம் தானே வந்து சேரும். வேர்டில் மூலையை விட்டுவிட்டுப் பக்கவாட்டுப் புள்ளியை இழுப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அகலத்துக்கு ஒரு எண், உயரத்துக்கு ஒரு எண் என்று இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒல்லியான தாத்தா பூசணிக்காய் முகத்தோடு சிரிப்பது இப்படித்தான்.

வெளிநாட்டு அறிவியல் இதழ்கள் பலவற்றின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் தயாராகின்றன. அங்கே இந்த எண்களுக்கு வேறு விதமான கனம் உண்டு. நுண்ணோக்கியில் எடுத்த ஒரு செல்லின் படத்துக்குக் கீழே '400 மடங்கு' என்று விஞ்ஞானி எழுதியிருப்பார். பத்தியின் அகலத்துக்குப் படத்தைச் சுருக்கிய மறுகணமே அந்த வாசகம் பொய்யாகிவிடும். படத்துக்குள்ளேயே ஒரு சிறு கோடு போட்டு 'இது 10 மைக்ரோமீட்டர்' என்று குறிக்கச் சொல்வது அதற்காகத்தான். படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும், உண்மை கெடாது.

வெட்டும் விஷயத்தில் லேடெக்கும் வேர்டின் சகோதரன்தான். 'டிரிம்', 'கிளிப்' என்று கட்டளையிட்டு ஒரு புகைப்படத்தின் ஓரத்தை மறைத்தாலும், வெளியே வரும் பிடிஎஃப் ஃபைலுக்குள் முழுப் படமும் உட்கார்ந்திருக்கும். அதைத் தனியே உருவியெடுக்க இலவசக் கருவிகளே இருக்கின்றன.

சுருக்குவதில் ஏமாறுபவர்கள் இன்னும் அதிகம். வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அறிவிப்புகள் புகைப்படத்துக்குக் கேட்டுவந்த அளவு 200க்கு 230 பிக்ஸல், 20 முதல் 50 கேபி. வேர்டில் எத்தனை சென்டிமீட்டருக்குச் சுருக்கினாலும் இந்தக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்டிமீட்டர் பக்கத்துக்குச் சொந்தம், பிக்ஸல் படத்துக்குச் சொந்தம். செல்போன் படத்தில் 3,000க்கு 4,000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருக்கலாம். பாஸ்போர்ட் அளவில் பளிச்சென்று அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும், சுமார் இரண்டேகால் லட்சம் போதும். தேவைக்கு மேல் ஐம்பது மடங்குச் சுமை! வேர்டின் சில பதிப்புகள் சேமிக்கும்போது அங்குலத்துக்கு 220 புள்ளி என்று தாமாகவே குறைப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

டெக் குடும்பத்தில் ஏமாற்றம் தலைகீழாக வரும். ஃபைலில் அடர்த்தி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 'பிடிஎஃப்டெக்' அங்குலத்துக்கு 72 புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். அளவு சொல்லாமல் சேர்த்தால், 3,000 புள்ளி அகலப் படம் ஒரு மீட்டரைத் தாண்டும். ஏ4 தாளின் அகலமோ 21 சென்டிமீட்டர்.

2023 மார்ச்சில் வெட்டிய படங்கள் செய்தியில் அடிபட்டன. கூகுளின் பிக்ஸல் போன்களில் ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டும் கருவி, சிறிய படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிட்டு, மிச்சமிருந்த பழைய தகவல்களை அழிக்காமல் விட்டிருந்தது. வெட்டிய பகுதியின் ஒரு பங்கையாவது மீட்க முடியும் என்று இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே வகைக் குறை வெளிப்பட்டது. இரண்டு கம்பெனிகளும் திருத்தம் வெளியிட்டன. அது கோளாறு, அதனால் திருத்தம் வந்தது. வேர்டில் வெட்டியது ஒளிந்திருப்பது வசதி என்ற கணக்கில் வருகிறது, அதற்குத் திருத்தம் வராது.

வழிகள் இல்லாமல் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுத்து 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்ற பொத்தானை அழுத்தினால் 'டெலிட் கிராப்டு ஏரியாஸ் ஆஃப் பிக்சர்ஸ்' என்றொரு கட்டம் வரும். அதில் டிக் செய்து சேமித்தால் வெட்டிய பகுதி நிஜமாகவே போய்விடும். அல்லது ஆவணத்தில் சேர்ப்பதற்கு முன்பே படத்தை வேறொரு புரோகிராமில் வெட்டிப் புது ஃபைலாகச் சேமிக்கலாம். கடிதத்தை அனுப்புவதற்கு முன் அந்த ஜிப் மூட்டையைப் பிரித்து 'மீடியா' ஃபோல்டரைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆதாரைப் பொறுத்தவரை இந்த வெட்டு வேலையே வேண்டாம். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் அட்டையை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் இன்றைக்கு டிக் செய்து சேமித்தாலும் அது அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதிக்குத்தான் பொருந்தும். வீட்டுக்காரரின் இன்பாக்ஸில் இருக்கும் கடிதத்தில் 25,000 என்ற எண்ணும், அதற்குப் பின்னால் முழு அட்டையும் அப்படியே இருக்கின்றன.