ஒரு தேதியின் சுமை

நாளிதழ்களில் 'வரலாற்றில் இன்று' என்ற பகுதியை நான் தவறாமல் படிப்பதுண்டு. ஒரு தலைவரின் பிறப்பு, ஒரு போரின் முடிவு, ஒரு கண்டுபிடிப்பு என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்வுகளைத் தேதி மட்டுமே அங்கே சேர்த்து வைக்கிறது. ஆனால், எல்லாத் தேதிகளிலும் அந்தச் சேர்க்கை தற்செயலானதன்று. ஜெர்மனியின் நவம்பர் 9 அதற்குச் சான்று.

1918-ஆம் ஆண்டு அந்நாளில், முதல் உலகப் போரில் தோல்வியின் விளிம்பில் நின்ற ஜெர்மனியில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகியதாக அறிவிக்கப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிலிப் ஷைடமன், பெர்லினில் குடியரசைப் பிரகடனம் செய்தார். இரண்டே நாள்களில் போர் நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. தோல்விக்குக் காரணம் போர்க்களமல்ல, குடியரசைத் தோற்றுவித்தவர்களின் துரோகமே என்ற பொய்யைத் தீவிர வலதுசாரிகள் பரப்பினர். 'நவம்பர் குற்றவாளிகள்' என்ற வசைச்சொல் புழக்கத்துக்கு வந்தது.

அந்த வெறுப்பைத் தன் மூலதனமாக்கிக் கொண்டவர் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக் நகர மதுக்கூடம் ஒன்றில் அவர் தொடங்கிய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, மறுநாள் காவல் துறையின் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அதில் மாண்ட தம் ஆதரவாளர்களைத் தியாகிகளாக உயர்த்திய நாஜிகள், ஆட்சியைப் பிடித்தபின் ஆண்டுதோறும் மியூனிக்கில் அந்நாளை அனுசரித்தனர்.

1938-இல் அவ்வாறு கூடியிருந்தபோதுதான், பாரீஸில் யூத இளைஞர் ஒருவரால் சுடப்பட்ட ஜெர்மானியத் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. கட்சித் தலைவர்கள் நிறைந்த அந்த அவையில் கோயபல்ஸ் பழிவாங்கும் உணர்வைத் தூண்டிப் பேசினார். அங்கிருந்தே தொலைபேசி வழியாக உத்தரவுகள் பறந்தன. யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன. ஏறத்தாழ 7,500 வணிக நிறுவனங்கள் சூறையாடப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு நினைவு நாளே வன்முறைக்கு மேடையானது.

1989 நவம்பர் 9 மட்டுமே தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகளைச் செய்தியாளர்களிடம் அறிவித்த குந்தர் ஷபோவ்ஸ்கி, அவை எப்போது நடைமுறைக்கு வரும் என்ற கேள்விக்கு, 'உடனடியாக' என்று கூறிவிட்டார். மறுநாள்தான் அவை நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். செய்தி கேட்டு மக்கள் எல்லையில் திரண்டனர். அன்றிரவே பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்தன.

அந்த மகிழ்ச்சி நாளையே தேசிய நாளாக்கலாம் என்ற கருத்து எழுந்தது இயல்பே. ஆயினும், 1938-இன் நினைவு குறுக்கே நின்றது. இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த 1990 அக்டோபர் 3 ஒற்றுமை நாளாயிற்று.

இம்முடிவை மதிக்கத்தக்கதாகவே நான் கருதுகிறேன். சுவர் வீழ்ந்த பெருமையைச் சொல்லி, கடைகள் நொறுக்கப்பட்ட இரவை மறைப்பது எளிதாக இருந்திருக்கும். விழா வேறொரு நாளுக்குப் போனதால், நவம்பர் 9-இல் யூதர்களுக்கு அஞ்சலி செலுத்தவும் இடம் இருக்கிறது. எந்த நாளைக் கொண்டாடுவது என்று முடிவெடுக்கும் எந்த நாடும், அதே நாளில் யார் அழுதார்கள் என்பதையும் கேட்டறிவது நல்லது.