மெழுகில் வரைந்த அடையாளம்

மாத்தளை நகரைத் தாண்டி ஏ9 வீதியில் வடக்கே போகிறவர்களுக்கு இரு பக்கமும் ஒரே காட்சிதான். வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் மிளகுக் கொடி, கறுவாப்பட்டை, ஒரு மூலிகை எண்ணெய்ப் போத்தல். நான்கு பலகைகளைக் கடந்தபின் முதலாவதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. அந்த வரிசையின் நடுவேதான் அலுவிகாரை வருகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் ஏட்டில் ஏறியதாகச் சொல்லப்படும் குகைக் கோயில் இங்கே இருக்கிறது. நம் காலத்தில் இந்த நாட்டின் முகத்தைத் துணியில் எழுதிய ஒரு பெண்ணின் பட்டறையும் இதே ஊரில்தான்.

ஏனா டி சில்வா 1922இல் பிறந்தவர். தந்தை சேர் ரிச்சர்ட் அலுவிகாரே, பொலிஸ் மா அதிபரான முதல் இலங்கையர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் பொலிஸ் அதிகாரி. 1955இல் மாமனார் வகித்த பதவிக்கே மருமகன் வந்தார். இப்படியொரு வீட்டுப் பெண் சாயத்தொட்டிக்குள் கைவிடுவார் என்று அன்றைய கொழும்பு எதிர்பார்த்திருக்காது. 1960களின் தொடக்கத்தில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தபோது அவர் பத்திக் தொழிலில் இறங்கினார். உடன் நின்றவர்கள் மகன் அனில் ஜெயசூரியவும், பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த லக்கி சேனாநாயக்கவும்.

பத்திக் பொறுமையைத் தின்னும் வேலை. சாயம் படக்கூடாத இடத்தையெல்லாம் உருகிய மெழுகால் மூட வேண்டும். துணியைச் சாயத்தில் அமிழ்த்தி உலர்த்த வேண்டும். பிறகு மறுபடி மூடி, அடுத்த நிறம். மங்கல் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிப்பதுதான் முறை. திரும்பிப் போக வழியில்லை. கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகைக் கழற்றும்போதுதான் என்ன வந்திருக்கிறது என்பதே தெரியும். இந்தோனேசியாவிலிருந்து ஒல்லாந்தர் வழியாக வந்த கலை என்பார்கள். ஏனாவும் கூட்டாளிகளும் ஜாவாவின் பூவேலைப்பாட்டைப் பின்பற்றப் போகவில்லை. கண்டி நாட்டுப் பழைய கொடிகளையும் விகாரைச் சுவரோவியங்களையும் எடுத்து, பெரிய பெரிய உருவங்களாக, துணிச்சலான நிறங்களில் போட்டார்கள்.

அந்த வேளையில் நாட்டுக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது. 1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை உருவானது. வெளிநாட்டவருக்கு எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. 1969இல் பாவா கட்டி முடித்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலுக்குள் நுழைந்தவர்கள் அண்ணாந்து பார்த்தது ஏனாவின் பத்திக் விதானத்தை. விளம்பர வாசகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை; வந்திறங்கியவர் தலையை உயர்த்திய கணத்தில் தான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார். இன்று வணிக அடையாள ஆலோசனை நிறுவனங்கள் மாதக்கணக்கில் கூடிப்பேசிச் செய்ய முயல்வது இதைத்தான். ஏனாவின் பட்டறையை அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் மூத்ததாக நான் கருதுகிறேன்.

லக்கியின் கை எங்கே போனது என்று பார்த்தாலும் இது விளங்கும். 1979இல் இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட, பறவையும் பூவும் பூச்சியுமாக இருந்த நாணயத்தாள்கள் அவர் வரைந்தவை. நாட்டில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அவர் ஓவியம் இருந்தது. பெயர்தான் பலருக்குத் தெரியாது. கோட்டே நாடாளுமன்றத்தில் தொங்கும் ஓலை வடிவச் சரவிளக்கும், கந்தளம ஹோட்டலின் மாடிப்படிக்கு மேல் சிறகு விரித்த ஆந்தையும் அவருடையவைதான். அவரும் கடைசியில் மாத்தளை மாவட்டத்துக்கே வந்து, தம்புள்ளைக்கு அருகே தண்ணீரும் மரமும் சூழ்ந்த தியபுபுலவில் வாழ்ந்து, 2021இல் காலமானார்.

ஏனா 1980களின் தொடக்கத்தில் பொதுநலவாய அமைப்பின் கைவினை ஆலோசகராகப் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளுக்குப் போனார். அறுபது வயதை ஒட்டித் திரும்பி வந்தவர் கொழும்பில் தங்கவில்லை. அலுவிகாரையில் தந்தையின் ஊர் வீட்டுக்கு வந்து, பத்திக், தையல் வேலைப்பாடு, மரவேலை, பித்தளை வார்ப்பு என்று பட்டறைகளைத் திறந்தார். அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சோறும் பல வகைக் கறியும் ஆக்கிப் பரிமாறும் சமையற்கூடமும் அங்கேயே எழுந்தது. மாத்தளை மரபுரிமை மையம் என்று பெயர். 2015 ஒக்டோபரில், 93 வயதில் ஏனா மறையும்வரை அதுவே அவர் உலகம். நம் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாக எட்டவில்லையே என்பது என் மனத்தாங்கல்.

அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் எண்ணம், அதே மாத்தளையில் விளைந்தும் அப்படியொரு முகம் கிடைக்காத மிளகுக்குப் போய்விடுகிறது. தேயிலையை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்த நாட்டில், மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் தில்ஹான், மாலிக் என்ற தம் இரு மகன்களின் பெயர்களைச் சேர்த்து 'டில்மா' என்று பெட்டியில் எழுதினார், உலகம் வாங்கியது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருளொன்று அங்கே அந்த மதிப்பைப் பெற்றது அதுவே முதல் தடவை. மாத்தளை மிளகின் கதை வேறு. காரச்சத்து மிகுந்தது, எண்ணெய் எடுக்க உகந்தது என்று வாங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏற்றுமதிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில் இருக்கிறது. ஆனாலும் இலங்கை மிளகின் பெரும்பகுதி பெயரில்லாத மூட்டையாக இந்தியாவுக்குப் போகிறது. அங்கே சாறாகவும் தூளாகவும் மாறி வேறொருவர் பெயரில் கடைக்கு வருகிறது. கொடியை மரத்தில் ஏற்றிக்கட்டி, கதிரைப் பறித்து, முற்றத்தில் காயப்போட்ட கைக்கு மூட்டையின் விலை மட்டுமே.

மாத்தளை மிளகுக்கு ஒரு பெயரும் முகமும் வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: கொழும்பில் சின்னம் வரையக் கொடுக்கும் முன், அலுவிகாரைக் குன்றேறி அந்தப் பட்டறையில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிறகு உக்குவளையிலோ றத்தோட்டையிலோ மிளகு காயும் ஒரு முற்றத்தில் ஒரு முழு நாள்.