இருநூறு மீற்றர் அலையும் பெவரேஜ் கம்பியும்

வானொலி என்றவுடன் வானளாவிய கோபுரங்களும் அவற்றினின்று புறப்படும் பெருவலுவுமே பலருடைய உள்ளத்தில் தோன்றும். செலுத்துதலே அரிது, கேட்டல் எளிது என்பது பொதுவான எண்ணம். தாழ்ந்த மீடிறன்களிற் பயிலும் அமெச்சூர் வானொலியாளரோ இவ்வெண்ணத்தை ஒப்பார். 160 மீற்றர், 80 மீற்றர் ஆகிய அலைவரிசைகளிலே தொலைநாட்டு நிலையமொன்றை அழைத்து விடுதல் பலருக்குங் கைகூடும். அது தரும் மறுமொழியை இரைச்சலினின்று பிரித்தெடுத்தலே அவர்களுடைய இரவுகளை விழுங்குவது. செலுத்துவதற்கு ஓர் ஏரியலும் கேட்பதற்கு முற்றிலும் வேறான பிறிதோர் ஏரியலும் அவர்கள் அமைப்பதன் காரணம் இதுவே. இவ்வழக்கம் வேரூன்றிய வரலாறு 1921ஆம் ஆண்டிலே, இசுக்கொத்துலாந்தின் கடலோர வயலொன்றில் அடிக்கப்பட்ட கூடாரத்தோடு தொடர்புடையது.

ஐக்கிய அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம், அமெச்சூர் நிலையங்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவிட்டது. அக்காலத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து செய்தியனுப்பிய வணிக நிலையங்கள் ஆயிரக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அலைகளையே கையாண்டன. அலை குறுகக் குறுக அது செல்லுந் தொலைவுங் குறையும் என்பது அன்றைய அறிஞர் கொள்கை. ஆகவே அமெச்சூர்களுக்குக் கொடுக்கப்பட்டது எவர்க்கும் வேண்டாத நிலம் எனலாம். வேண்டாத நிலத்தைப் பெற்றவர்கள் அதை உழுது பார்த்தார்கள் என்பதே வியப்பு.

1921 பெப்ரவரியில், அமெரிக்க வானொலி அஞ்சற் கழகத்தின் ஏற்பாட்டின்படி, அமெரிக்க அமெச்சூர்கள் குறித்த இரவுகளிற் செய்தி செலுத்தினர். பிரித்தானிய அமெச்சூர்கள் செவிசாய்த்துக் காத்திருந்தனர். உறுதிசெய்யத்தக்க ஒரு சைகையேனுங் கிடைக்கவில்லை. தோல்விக்கு இருவகை விளக்கங் கூறலாம். அலை கடலைக் கடக்கவில்லை என்பது ஒன்று. கடந்தது, ஆயினுங் கேட்குங் கருவி போதவில்லை என்பது மற்றொன்று. முதலாவது மெய்யாயின், 200 மீற்றர் அலை உள்ளூர்ப் பேச்சுக்கே உரியதென்று கைவிடப்பட வேண்டியதாகும். இரண்டாவது மெய்யாயின், அமெச்சூர்களுக்கு உலகமே திறந்துவிடும். எது மெய் என்பதை அறியச் செலுத்தும் பக்கத்தில் வலுவைக் கூட்டுவதைவிடக் கேட்கும் பக்கத்திற்கு வல்லுநர் ஒருவரை அனுப்புதலே தக்கதெனக் கழகந் துணிந்தது. இம்முடிவு நுட்பமானது, ஐயத்துக்கிடமான இரண்டு காரணிகளில் ஒன்றை நிலைநிறுத்தி மற்றதைச் சோதிக்கும் விஞ்ஞான முறை இதுவன்றோ?

அனுப்பப்பட்டவர் போல் கொட்லி என்பவர். குறுகிய அலைகளுக்கேற்ற வாங்கிகளை அமைப்பதில் அந்நாட்டிற் பெயர்பெற்றவர். 1921 நவம்பரில் அக்விற்றேனியா என்னுங் கப்பலிற் புறப்பட்ட அவர், அப்பயணத்திலேயே ஹரோல்ட் பெவரேஜ் என்னும் பொறியியலாளரைச் சந்தித்தார். பெவரேஜ், தம்முடன் பணியாற்றிய ரைஸ், கெலொக் என்போரோடு சேர்ந்து, நெட்டலைகளைக் கேட்பதற்குப் புதுமையானதோர் ஏரியலை ஆராய்ந்து வந்தவர். வானை நோக்கி நிமிர்த்தாமல், நிலத்துக்குச் சற்றே மேலாகப் பல மைல் தூரத்துக்குக் கிடையாக இழுக்கப்பட்ட கம்பியே அது. அதையே 200 மீற்றர் அலைக்கு ஏற்றபடி குறுக்கினால் என்ன என்ற எண்ணம் கொட்லியின் உள்ளத்தில் உறைத்தது.

ஆட்ரொசன் என்னும் ஊருக்கு அருகில், மழையுங் காற்றும் அறைந்த வயலிலே கூடாரம் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 1,300 அடி நீளமான கம்பி, ஆள் உயரத்தின் இருமடங்கு உயரத்தில், கம்பங்களின் மீது மேற்கு நோக்கி இழுக்கப்பட்டது. கூடாரத்தினுள்ளே, ஆம்ஸ்ட்ரோங் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த சுப்பர் ஹெற்றரோடைன் முறையில் அமைந்த பத்து வால்வு வாங்கி. டிசம்பர் 8ஆந் திகதி நள்ளிரவு கழிந்தபின் முதலாவது அமெரிக்கச் சைகை அவர் செவியில் விழுந்தது. அது தீப்பொறி நிலையமொன்றின் சைகை. அவ்வழைப்புக் குறிக்கு உரியவருடைய நிலையம் அதுவன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. யாரோ ஒருவர் பிறர் பெயரைக் களவாக வழங்கியிருக்கிறார். வரலாற்றிற் பதியப்பட்ட முதற்குரல் உரிமையற்றவருடையதாய் அமைந்தது விதியின் நகைச்சுவை போலும்.

அதன்பின், கனெற்றிக்கற் மாநிலத்துக் கிரீன்விச் நகரில் அமெரிக்க வானொலிக் கழகத்தார் அறுவர் அமைத்த நிலையம், ஏறத்தாழ ஒரு கிலோவாற்று வலுவை வால்வுகளுக்கு ஊட்டி, 230 மீற்றர் அலையிற் செலுத்திய சைகைகள் தெளிவாகக் கேட்டன. டிசம்பர் 12ஆந் திகதி அதிகாலையில் அங்கிருந்து முழுச் செய்தியொன்று எழுத்துக்கு எழுத்தாகப் பதிவுசெய்யப்பட்டது. பிரித்தானிய அமெச்சூர் சிலரும் அதே சோதனையில் தத்தம் வீடுகளிலிருந்தே அமெரிக்க நிலையங்களைக் கேட்டனர் என்பதையுஞ் சொல்லல் வேண்டும். கொட்லியின் புகழ் அவர்கள் உழைப்பை மறைத்துவிடலாகாது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1923 நவம்பரில், பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் 110 மீற்றர் அளவிலான அலையில் இருவழியாகவே உரையாடினர்.

கிடையாகக் கிடக்கும் கம்பி எவ்வாறு இத்துணைச் சிறப்பாகக் கேட்கின்றது? நிலத்தையொட்டி வரும் வானொலி அலை, மண்ணிலே தன் வலுவிற் சிறிது இழப்பதனால், அதன் முகப்பு சற்றே முன்னோக்கிச் சாய்கின்றது. அச்சாய்வினாற் கம்பியின் நீளத்துக்கு ஒத்த திசையில் மின்மண்டலத்தின் சிறு கூறு ஒன்று பிறக்கும். அது கம்பியின் ஒவ்வோர் அடியிலும் நுண்ணிய ஓட்டத்தைத் தூண்டும். அலையும் அவ்வோட்டமும் ஏறக்குறைய ஒரே வேகத்திற் கைகோத்துச் செல்வதால், வாங்கியிருக்கும் முனையை அடையும்போது தூண்டல்கள் யாவும் ஒன்றோடொன்று கூடிவிடும். எதிர்த்திசையிலிருந்து வரும் அலை மறுமுனையிலே கூடும். அங்கே நிலத்தோடு இணைக்கப்பட்ட, 400 முதல் 600 ஓம் வரையிலான தடையொன்று அதனை விழுங்கிவிடும். பக்கவாட்டில் வருவனவோ தம்முள் முரணித் தேய்ந்துபோகும். ஆகவே கம்பி, தடையுள்ள முனை சுட்டும் திசையை மாத்திரமே நோக்கிய செவியாகின்றது. நன்றாகக் கடத்தும் உவர்நீரின்மேல் அலை சாய்வதில்லையாதலால், அங்கே இது பயன்குன்றும். பிற ஏரியல்களுக்கு வரமான நிலம் இதற்குச் சாபம்.

நீளத்துக்கும் எல்லையுண்டு. கம்பியில் ஓட்டஞ் செல்லும் வேகம் வெளியில் அலை செல்லும் வேகத்தினுஞ் சற்றுக் குறைவு. நீளம் மிகுந்தால் இரண்டும் படிப்படியாக விலகிக் கூடுதல் கழித்தலாக மாறும். அலைநீளத்தின் ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை, அஃதாவது 160 மீற்றர் வரிசைக்கு 160 முதல் 300 மீற்றர் வரை, பலர் தெரிந்தெடுக்கும் அளவு. உயரம் இரண்டு அல்லது மூன்று மீற்றர் போதும். வாங்கிப் பக்கத்தில் 9:1 விகித நிலைமாற்றி ஒன்று, கம்பியின் ஏறத்தாழ 450 ஓமை ஓரச்சு வடத்தின் 50 ஓமுக்கு இசைவிக்கும்.

இக்கம்பி திரட்டுஞ் சைகை மிகச் சிறிது. செலுத்துவதற்கு இது உதவவே உதவாது. எனினும் கேட்பவருக்கு அதனாற் குறைவில்லை. 2 மெகாஹேர்ட்ஸ் அளவிலான மீடிறன்களில் மின்னலாலும் நகரத்து மின்கருவிகளாலும் எழும் புற இரைச்சல், நல்ல வாங்கியின் உட்புற இரைச்சலைவிட எத்தனையோ மடங்கு பெரிது. சைகையும் இரைச்சலும் ஒருங்கே சிறுத்தால் அவற்றின் விகிதம் மாறாது. பின்னர் விரியலாக்கி கொண்டு பெருக்கிக்கொள்ளலாம். பிற திசைகளின் இரைச்சல் நீங்குவதே இலாபம். செலுத்துவதற்கோ நிலைக்குத்தான ஏரியலே பெரும்பாலும் நாடப்படும். கால் அலை உயரம் 160 மீற்றர் வரிசையில் 40 மீற்றராதலால், பலர் கம்பியின் மேற்பாகத்தைக் கிடையாக மடக்கித் தலைகீழ் “எல்” வடிவாக்குவர். அடியிலே பல ஆரைக்கம்பிகளை நிலத்திற் பரப்புவர். அவ்வேரியல் தாழ்ந்த கோணத்தில் அலையை அனுப்புவதில் வல்லது. ஆயின் எல்லாத் திசை இரைச்சலையும் வரவேற்பதிலும் வல்லது.

முந்நூறு மீற்றர் நிலம் யாருக்கு வாய்க்கும்? சிறு வளவு உடையார் சில மீற்றர் சுற்றளவுள்ள தடக்கம்பியை அமைத்து, அதன் தளத்துக்குச் செங்குத்தான திசையில் தோன்றும் கேளாப் புள்ளியை இரைச்சல் வருந் திசைக்குத் திருப்புவர். தடை பூட்டிய முக்கோணத் தடங்களும் வழக்கில் உள. இவை எல்லாவற்றிலும் வடத்தின் வெளிப்புற உறையே இரகசியமாக ஏரியலாகிவிடுங் குறை உண்டு. பெரைற்று வளையத்தில் வடத்தைப் பல சுற்றுச் சுற்றுதல் அதற்கு மருந்து. அயலிலுள்ள மத்திய அலை ஒலிபரப்பு நிலையத்தின் வலு வாங்கியினுட் புகுந்து பொய்ச் சைகைகளைப் பிறப்பிக்குமாயின், அதனைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றும் வேண்டும். விலையுயர்ந்த வாங்கியை வாங்கிவிட்டு இவ்விரு சிறு பொருள்களை மறப்போர் மிகப் பலர்.

இலங்கை போன்ற வெப்ப மண்டல நாடுகளிலோ இடர் இன்னுங் கூடியது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடிமுகில்கள் மாலைதோறுந் திரளும். அவற்றின் வெடிப்பொலி தாழ்மீடிறன்களை நிறைத்துவிடும். பகலிலே அயன் மண்டலத்தின் கீழ்ப்படை இவ்வலைகளை உறிஞ்சிவிடுவதால் தொலைத்தொடர்பு இரவுக்கே உரியது. கிழக்கிலுள்ள நிலையத்துக்குப் பொழுது புலரும் வேளையில், மேற்றிசைச் சைகைகள் சில நிமிடங்களுக்குத் திடீரென ஓங்கிப் பின் மறைவதுண்டு. கதிரவன் எழுமுன்னான அச்சில நிமிடங்களைக் கருதியே, பெவரேஜ் கம்பி உடையவர்கள் முந்திய மாலையில் அதன் நெடுகிலும் நடந்து சென்று, கொப்பு விழுந்து அறுந்திருக்கிறதா, மாடு இழுத்துச் சென்றதா, கடைமுனைத் தடை இன்னும் நிலத்தோடு இணைந்துதான் இருக்கிறதா என்று பார்த்து வருவர்.